ரைசன் 9 7950எக்ஸ்: காற்றுக் குளிர்விப்பா, திரவக் குளிர்விப்பா?

கேள்வி:
காணொளித் தொகுப்புக்காக ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் செயலியைக் (சிபியு) கொண்டு கணினி ஒன்றை அமைத்து வருகிறேன். இரட்டைக் கோபுரக் காற்றுக் குளிர்விப்பான் போதுமா, அல்லது 360 மி.மீ. ரேடியேட்டருடன் (திரவத்தின் வெப்பத்தை விசிறிகளால் வெளியேற்றும் பகுதி) கூடிய திரவக் குளிர்விப்பான்தான் வேண்டுமா? ஓசை குறைவாக இருப்பதே எனக்கு முக்கியம்.

மறுமொழி 1:
டிடிபி (குளிர்விப்பான் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு) 170 வாட் என்று குறிக்கப்பட்டிருந்தாலும், இச்செயலி சாக்கெட் (தாய்ப்பலகையில் செயலி அமரும் இடம்) வழியாக 230 வாட் வரை இழுக்கும். 95 டிகிரி செல்சியஸை எட்டும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும்படிதான் அது வடிவமைக்கப்பட்டுள்ளது. ஆகவே முழுச் சுமையில் 95ஐக் கண்டு பதற வேண்டாம். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) ஈகோ மோடில் (மின் நுகர்வைக் குறைக்கும் முறை) 105 வாட்டைத் தேர்ந்தெடுத்தால், வேகத்தில் சற்றே இழந்து வெப்பத்தைப் பெருமளவு குறைக்கலாம். அதற்குக் காற்றே தாராளம்.

மறுமொழி 2:
மின் வரம்பு எதுவும் வைக்காமல் மணிக்கணக்கில் ரெண்டர் (தொகுத்த காணொளியை இறுதிக் கோப்பாக்குதல்) செய்வதென்றால் நான் 360 மி.மீ. ரேடியேட்டரையே பரிந்துரைப்பேன். திரவம் மெல்லச் சூடாவதால், சுமை சட்டென்று ஏறும்போது விசிறிகள் உடனே இரைய வேண்டியதில்லை. ஆனால் திரவத்தைச் சுழற்றும் பம்பின் முனகல் எப்போதும் இருக்கும். ரேடியேட்டரைப் பெட்டியின் மேற்புறத்தில் பொருத்துங்கள். சுற்றில் பம்பே மிக உயரமான இடமாகிவிட்டால் காற்றுக் குமிழிகள் அதில் சேர்ந்து சலசலக்கும்.

மறுமொழி 3:
பெட்டியை அளந்தீர்களா? நாக்டுவா என்எச்-டி15 என்ற இரட்டைக் கோபுரக் காற்றுக் குளிர்விப்பானின் உயரம் 165 மி.மீ.; ரேம் பட்டைகள் உயரமானவையாக இருந்தால் முன்விசிறியை மேலே நகர்த்த வேண்டியிருக்கும், உயரம் இன்னும் கூடும். இடம் இருந்தால் என் தேர்வு காற்றுதான்: விசிறி பழுதானால் விசிறியை மட்டும் மாற்றலாம், பம்பு பழுதானால் பெரும்பாலும் முழுத் தொகுதியையும் மாற்ற நேரிடும்.