பெரியபிள்ளையான அண்டைக்குப் பிள்ளைக்கு என்ன தெரிஞ்சிருந்தது?

வெள்ளைச்சட்டை:
ஏழாம் வகுப்புப் பிள்ளை. மூண்டாம் பாடத்துக்குள்ள வந்திட்டுது. ஆரோ பாட் ஒண்டு குடுத்திருக்கினம், எப்பிடி வைக்கிறதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஒட்டுற பக்கத்தை உடம்புப் பக்கமா வைச்சிட்டுது. பிறகு இழுத்தெடுக்கேக்க கதவுக்குள்ள நிண்டு அழுத அழுகை! ஒட்டுற பக்கம் ஜட்டியில, பஞ்சுப் பக்கம் மேல, அகலமான நுனி பின்னுக்கு. செட்டை இருந்தால் அதை ஜட்டிக்கு அடியால மடிச்சு ஒட்டோணும். சொல்ல அரை நிமிசம். சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் பாக்கிற வீடுகளில இதுக்கு மட்டும் நேரமில்லை.

கோண்டாவில் மாமி:
சடங்கை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்? பாலறுகு வைச்சுத் தண்ணி வார்க்கிற மாமிதான் சில வீட்டில பிள்ளையோட முதல் கதைக்கிற ஆள். குறை வேற இடத்தில. ஒரு பிள்ளை மூண்டு நாளா ஜட்டியை ஒளிச்சு வைச்சுது, வயித்தாலை போகுது எண்டு நினைச்சு. ஏனெண்டால் பழுப்பாக் கிடந்தது. முதல் முறை பளிச்செண்டு சிவப்பா வரவேணுமெண்டில்லை. மெல்ல வாற இரத்தம் வெளியில வர முதலே கறுத்துப்போகும். மார்பு அரும்பி ஏறக்குறைய 2 வருசத்தில வரும், அதுக்கு 6 தொடக்கம் 12 மாசம் முந்தி வெள்ளைபடும். அதைக் கண்டவுடன புத்தகப் பையில 2 பாட், ஒரு ஜட்டி, ஒரு பொலித்தீன் பை வைச்சு விடுங்கோ.

மிட்வைஃப்:
மாமி, சடங்கு இருக்கட்டும். நல்லெண்ணெயோட பச்சை முட்டையைப் பருக்கிறதை மட்டும் விடுங்கோ, சல்மொனெல்லா கிருமி பச்சையிலதான் உயிரோட இருக்கும். அவிச்சுக் குடுத்தாலும் அதே சத்துத்தான். உழுத்தங்களி நல்லது.

நான் எழுத வந்தது வேற. ஒரு தாய் படலையடியில நிண்டு குரலைத் தாழ்த்தி, “அடுத்த மாசம் வரேல்லை மிஸ், பிள்ளை ஏதும்…” எண்டு இழுத்தா. பிள்ளை பின்னால நிண்டு கேட்டுக்கொண்டு நிக்குது. முதல் 2 வருசம் சூலகம் மாதாமாதம் முட்டை விடாது, அதாலைதான் ஒழுங்கில்லை. 21 நாளிலயும் வரும், 45 நாளிலயும் வரும். வந்தால் 2 தொடக்கம் 7 நாள் போகும். மொத்தமாப் போறது பொதுவா 30, 40 மில்லிலீற்றர், ரெண்டு மூண்டு மேசைக்கரண்டி. பாக்கப் பயமாத்தான் இருக்கும். மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைஞ்சு, அப்பிடியே ரெண்டு மூண்டு மணித்தியாலம் போனால் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. தொடங்கின பிறகு 3 மாசம் வராமல் விட்டாலும் காட்டுங்கோ. 15 வயசாகியும் வராட்டிலும் அப்பிடித்தான். மாதாமாதம் அடிவயிறு நொந்தும் இரத்தம் வரேல்லையெண்டால் 15 வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். யோனி வாசலை மென்சவ்வு மூடியிருந்தால் இரத்தம் உள்ளுக்கை தேங்கும்.

நாவற்குழி:
பாட் கதைதான் எல்லாரும். துணி பாவிக்கிற பிள்ளையளும் இருக்கினம். ஒரு பிள்ளைக்குத் துடையெல்லாம் அவிஞ்சு போச்சு, கட்டிலுக்கு அடியில காயவிட்ட துணியால. தோய்க்கிற முறை சொல்லுறன். முதல் பச்சைத் தண்ணியில ஊறவிடுங்கோ. சுடுதண்ணி விட்டால் இரத்தத்தில உள்ள புரதம் இறுகிக் கறை நிண்டுடும். சவுக்காரம் போட்டுக் கசக்கி மூண்டு நாலு தரம் அலசோணும். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, சவுக்காரம் துணியில படிஞ்சு நிண்டு கடிக்கும். பிறகு வெயிலில போடுங்கோ. வெக்கமெண்டு மேல ஒரு துவாயை மூடினால் ஈரம் போகாது, பூஞ்சணம் பிடிக்கும். பாட் எண்டாலும் துணியெண்டாலும் 4 தொடக்கம் 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்தோணும். சாப்பிட்ட கையோட தேத்தண்ணி வேண்டாம், இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாது. முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய் பிழிஞ்சு…

வெள்ளைச்சட்டை:
நாவற்குழி, உங்களிட்டை ஆர் வறை கேட்டது? ஆனால் துவாய்க் கதை சரி. பாவிச்ச பாட்டைக் கொமட்டுக்குள்ள போட வேண்டாமெண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ. அது தண்ணியில ஊதி வளைவில அடைச்சிடும். பேப்பரில சுத்திக் குப்பை வாளியில போடட்டும்.