புதுப்பிப்பு: கடுவன் பூனை வீடெல்லாம் மூத்திரம் அடித்த கதை

கல்லடியில் எங்கள் வீட்டுக் கடுவன் கதிரைக்கால், கதவுநிலை, அரிசி மூட்டை என்று ஒன்றையும் விடாமல் மூத்திரம் அடிக்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது பெரும்பாலும் நின்றுவிட்டது.

மிருக வைத்தியர் முதலில் மூத்திரப்பையைத்தான் பார்த்தார். கடுவன் முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால் அடைப்பாக இருக்கலாம், அன்றைக்கே கொண்டுவர வேண்டும் என்றார். எங்களுடையதற்கு அந்த வருத்தம் இல்லை. வாலை நிமிர்த்திச் சுவரில் பீச்சுவது எல்லை குறிக்கிற குணம். சரி என்று கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தோம். பத்துக் கடுவனில் ஒன்பதுக்கு அதோடு அடங்கும் அல்லது நன்றாகக் குறையும். மறுநாளே நிற்காது, ஹோர்மோன் வடியச் சில கிழமைகள் எடுக்கும்.

கழுவுவதுதான் பெரும்பாடு. குளோரின் ஊற்றச் சொன்னவர்களுக்கு: மூத்திரத்து அமோனியாவோடு அது சேர்ந்தால் நச்சுவாயு வரும். வாடை மிஞ்சினால் பூனை அதே இடத்துக்குத்தான் திரும்பும். வாடையைச் சிதைக்கும் நொதியம் (என்சைம்) கலந்த கழுவுதிரவம்தான் உதவியது. அப்புறம், பூனை மலசலம் கழிக்கும் மணல் தட்டைச் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்திலிருந்து விறாந்தைக்கு மாற்றினோம்.

மதிலில் வந்து குந்தும் பக்கத்து வீட்டுக் கடுவனைக் கண்டால் மட்டும் இன்னும் யன்னலடியில் அடிக்கிறது. அதற்காக யன்னலின் கீழ்ப்பாதியைப் பழைய சீலையால் மறைத்திருக்கிறோம்.