சேடபட்டித் தொகுதி: 2006க்குப் பிந்தைய ஓட்டுக்கணக்கை எங்கே தேடுவது?

பேரையூரான்:
மதுரை மாவட்டத்தின் சேடபட்டி சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை ஊர்வாரியாகத் தொகுத்து வருகிறேன். 2006 வரை கணக்கு கிடைக்கிறது. 2011இல் தொகுதியே இல்லை. உசிலம்பட்டியின் 2011 முடிவை அதன் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளலாமா?

மேற்குச்சீமை:
கூடாதுங்க. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் 2001 மக்கள்தொகையை வைத்து எல்லைகளை மாற்றியது. அது 2008இல் நடைமுறைக்கு வந்தது. மதுரை மாவட்டத்துக்கு முன்பும் பத்துத் தொகுதி, இப்போதும் பத்துதான். ஆனால் மதுரை வடக்கு, தெற்கு இரண்டும் புதிதாக முளைத்தன. கிராமப்பக்கம் சேடபட்டியும் சமயநல்லூரும் மறைந்தன. சமயநல்லூர் தனித்தொகுதி என்பதால் அந்த ஒதுக்கீடு சோழவந்தானுக்குப் போனது.

நான்கு முறை வென்று 1991இல் பேரவைத் தலைவரும் ஆன சேடபட்டி முத்தையாவின் தொகுதி இது. வரைபடத்தில் இல்லாமல் போனது பெரிய இழப்பு. அதிலிருந்த ஊர்களில் இன்று எழுமலை உசிலம்பட்டித் தொகுதியில், பேரையூர் திருமங்கலம் தொகுதியில். முன்பு சேடபட்டி முழுவதும் பெரியகுளம் மக்களவைத் தொகுதி. இப்போது உசிலம்பட்டி தேனியோடு, திருமங்கலம் விருதுநகரோடு. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு எம்.பி. வேறு வேறு.

வைகைக்கரை:
முதலில் ஆணையத்தின் உத்தரவை எடுங்கள். அதில் வருவாய் கிராமங்களும் பேரூராட்சிகளும்தான் இருக்கும். வருவாய் கிராமத்துக்குள் அடங்கும் சிறு ஊர்களான உட்கடை ஊர்களின் பெயர் வராது. ஆகவே ஒவ்வொரு ஊரும் எந்த வருவாய் கிராமத்தில் சேரும் என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வட்டங்களும் 15.2.2004 அன்று இருந்தபடிதான். பிறகு உருவான கள்ளிக்குடி வட்டத்தை அதில் தேடிப் பயனில்லை, திருமங்கலம் வட்டத்தின் கீழ் பாருங்கள்.

அடுத்து, பூத்வாரி ஓட்டு விவரம் உள்ள படிவம் 20. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பூத் எண்ணை வைத்துப் பொருத்தாதீர்கள். தேர்தலுக்குத் தேர்தல் பூத் பிரியும், சேரும், எண் மாறும். அந்தந்தத் தேர்தலின் வாக்குச்சாவடிப் பட்டியலில் உள்ள ஊர்ப்பெயரை வைத்தே கூட்டுங்கள். ஒரே பூத்தில் இரண்டு ஊர் இருந்தால் ஓட்டைப் பிரிக்க வழியில்லை. இரண்டையும் ஒரே வரிசையில் போடுங்கள்.

திருமங்கலத்தான்:
ஒன்றை விட்டுவிட்டீர்கள் அண்ணே. 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல் பழைய எல்லைப்படி நடந்தது. 2006இல் அமைந்த பேரவை கலையும் வரை அதன் இடைத்தேர்தல்களுக்குப் பழைய எல்லைதான். அதே ஆண்டு மே மாத மக்களவைத் தேர்தலோ புதிய எல்லைப்படி. நாலே மாத இடைவெளி என்று இரண்டு "திருமங்கல"த்தையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். பேரையூரான், உங்கள் அட்டவணையில் ஒவ்வொரு தேர்தலுக்கும் "பழைய எல்லை / புதிய எல்லை" என்று தனிக் கட்டம் வையுங்கள். மக்களவைக்கு 2009, சட்டமன்றப் பொதுத்தேர்தலுக்கு 2011 முதல் புதியது.