அட்டையில் அச்சானதும் இருட்டுப் படம் அப்பிக்கொள்கிறது

போர்டு கேம் அட்டைகள்: 63×88 மி.மீ., பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே விடும் கூடுதல் படம்) 3 மி.மீ., 300 டிபிஐ (அங்குலத்துக்குப் புள்ளிகள்), மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத மேல்பூச்சுப் படலம்). திரையில் குகை டிராகனின் செதில்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. மாதிரி அச்சில் நிழல் முழுக்க ஒரே கறுப்பு. ஊதா மந்திர ஒளியும் மங்குகிறது, ஆனால் அது சிஎம்ஒய்கே (அச்சின் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) மைக்கு எட்டாத நிறம், விட்டுவிடலாம். நிழல்தான் சிக்கல்.

திரையின் நிறத்தைக் கருவியால் சரிபார்த்து (கேலிபரேட்) வெளிச்சத்தைக் குறைத்தாயிற்று. அச்சகம் தந்த புரொஃபைலில் (அவர்கள் அச்சின் நிற விவரக் கோப்பு) சாஃப்ட் புரூஃப், அதாவது அச்சு எப்படி வரும் என்ற திரை முன்னோட்டம், பார்த்தால் செதில் தெரிகிறது, அதுதான் குழப்பம். மொத்த மை அளவை (நான்கு மைகளின் சதவீதக் கூட்டல்) 340-லிருந்து 280 சதவீதத்துக்கு இறக்கியும் கறுப்பு வெளிறியதே மிச்சம். இரண்டு வாரத்தில் மூன்று மாதிரி வீண்.

நிழலை ஆர்ஜிபி (திரை நிறங்களில் உள்ள) கோப்பிலேயே கர்வ்ஸில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வளைகோட்டுக் கருவி) தூக்கிவிட்டு சிஎம்ஒய்கேவுக்கு மாற்றுவதா, மாற்றிய பிறகு கறுப்பு சேனலை (கறுப்பு மைக்கான அடுக்கு) மட்டும் இளக்குவதா?