37 அங்குல டயர் போட்ட ஜீப் ராங்லரை இழுக்க ஃபோர்டு எஃப்-150 டிரக் போதுமா? டிரெய்லரா, டோ பாரா?

பாறைவழி:
வணக்கம் நண்பர்களே. வண்டி 2015 ஜீப் ராங்லர் (ஜேகே தலைமுறை) அன்லிமிடெட் ரூபிகான், ஆட்டோமேட்டிக். 3.5 அங்குல லிஃப்ட், 37 அங்குல டயர், இரும்பு பம்பர், வின்ச், ஸ்கிட் பிளேட் எல்லாம் சேர்த்து எடைமேடையில் 5,300 பவுண்டு. சான் ஹோசேயிலிருந்து ரூபிகான் டிரெயில் என்னும் பாறைப் பாதைக்கு (லூன் லேக் பக்கம்) அடிக்கடியும், யூட்டாவின் மோவாபுக்கு எப்போதாவதும் போக வேண்டும்.

இழுக்க எஃப்-150, 5.0 என்ஜின். 11,000 பவுண்டு இழுக்கும் என்கிறார்கள். கதவோர மஞ்சள் ஸ்டிக்கரில் 1,560 பவுண்டு என்று இருக்கிறது. நாங்கள் நாலு பேர், சேர்ந்து 550 பவுண்டு. 7,000 பவுண்டு ஜிவிடபிள்யூஆர் (அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச மொத்த எடை) டிரெய்லர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? இல்லை, டோ பார் மாட்டி நாலு சக்கரமும் தரையில் உருள இழுப்பது சுலபமா?

இரும்புஅச்சு:
அந்த டிரெய்லர் வேண்டாம். 7,000 என்பது டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்துத்தான். கீழே இரண்டு 3,500 பவுண்டு ஆக்ஸில். டிரெய்லரே 2,000 பவுண்டு இருக்கும், மிச்சம் 5,000. உங்கள் ஜீப் காலியாகவே 5,300. இரண்டு 5,200 பவுண்டு ஆக்ஸில் உள்ள 9,990 பவுண்டு டிரெய்லரைப் பாருங்கள். 10,000ஐத் தாண்டினால் கலிஃபோர்னியாவில் சாதாரண கிளாஸ் சி லைசென்ஸ் செல்லாது. 9,990 என்றால் அந்த எல்லைக்குள் வந்துவிடும்.

இனி டிரக். 11,000ஐ மறந்துவிடுங்கள், உங்களைக் கட்டிப்போடுவது அந்த 1,560தான். டிரக் தன்மேல் சுமக்கக்கூடிய மொத்த எடை (பேலோடு) அது. அதில் டிரைவர் எடையும் அடக்கம். கணக்கு இப்படி வரும்: ஜீப் 5,300, அதில் சாமான் 200, இரும்பு டிரெய்லர் 2,300, மொத்தம் 7,800. அதில் 12 சதவீதம் டிரக்கின் இழுவைக் கொக்கியின் மேல் உட்கார வேண்டும், அதாவது 936. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (கொக்கி எடையின் ஒரு பகுதியை டிரக்கின் முன் ஆக்ஸிலுக்கும் டிரெய்லருக்கும் பகிரும் இணைப்பு) ஏறக்குறைய 90. உங்கள் நாலு பேர் 550. கூட்டினால் 1,576. டிரக்கின் பின்தொட்டியில் ஒரு கூலர்கூட வைக்கவில்லை, அதற்குள் தாண்டிவிட்டது.

அலுமினிய டிரெய்லர் 1,700 பவுண்டுக்குக் கிடைத்தால் மொத்தம் 7,200, கொக்கி எடை 864, கூட்டுத்தொகை 1,504. நூலிழையில் உள்ளே வருகிறது. அப்போதும் கருவி, ஸ்பேர் எதையும் டிரக்கில் போடாமல் ஜீப்பில் போட வேண்டும். அலுமினியத்தின் விலையைக் கேட்டபின் பழைய முக்கால் டன் டிரக்கின் (எஃப்-150ஐவிட ஒரு படி கனமான வகை) விலையையும் விசாரியுங்கள். அதிலும் டீசல் என்ஜின் கனம் என்பதால் அதே மாடலின் பெட்ரோல் வண்டிக்குத்தான் பேலோடு அதிகம். ஸ்டிக்கரைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நாலாம்கியர்:
டோ பார் பற்றி. ஜேகே அதற்கு ஏற்ற வண்டிதான்: டிரான்ஸ்ஃபர் கேஸ் (என்ஜின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) நியூட்ரல், ஆட்டோமேட்டிக் கியர் பி-யில் (பார்க்), ஸ்டீயரிங் பூட்டாமல் சாவி. கியரையும் நியூட்ரலில் விடக்கூடாது. உள்ளே ஷாஃப்ட் இழுபட்டுச் சுழலும், என்ஜின் ஓடாததால் எண்ணெய் பம்ப் வேலை செய்யாது, வறண்டு தேயும்.

ஆனால் உங்களுக்கு இரண்டு தடை. டிரக்கின் ரிசீவரில் (பின்னால் ஹிட்ச் செருகும் குழாய்) ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள்: பல எஃப்-150களில் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் இல்லாமல் 5,000 பவுண்டுதான் எல்லை. டோ பாரோடு அந்த ஹிட்ச்சைச் சேர்க்க முடியாது. 5,300 அங்கேயே அடிபடுகிறது.

இரண்டாவதுதான் பெரியது. ரூபிகான் டிரெயிலில் டை ராட் (சக்கரங்களைத் திருப்பும் கம்பி) வளைந்தாலோ ஆக்ஸில் ஷாஃப்ட் உடைந்தாலோ உருளாத வண்டியை டோ பாரில் எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள்? இழுவை வண்டி வைத்துக்கொள்வதே உடைந்த ஜீப்பைக் கொண்டுவரத்தான். டிரெய்லரின் முன்னால் 8,000 பவுண்டு வின்ச் இருந்தால் செத்த ஜீப்பும் ஏறும். போதாததற்கு, டோ பாரில் பின்னோக்கி எடுக்கவே முடியாது. 37 மட் டயர் வேறு தார்ச்சாலையில் தேய்ந்துபோகும்.

பாறைவழி:
புரிந்தது, டிரெய்லர்தான். ஏற்றிக் கட்டும்போது கவனிக்க வேண்டியது?

இரும்புஅச்சு:
முதலில் ஃபெண்டர்களுக்கு நடுவே அகலம். பெரும்பாலும் 82, 83 அங்குலம். உங்கள் டயரின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம்வரை அளந்துவிட்டு வாங்குங்கள்.

கட்டுவது ஆக்ஸிலில், சேஸியில் அல்ல. சேஸியில் கட்டினால் ஒவ்வொரு குலுக்கலிலும் ஸ்பிரிங் அமுங்கும், ஸ்ட்ராப் தளரும், அதன் கொக்கி கழன்றுவிடும். நாலு ஆக்ஸில் ஸ்ட்ராப், நாலு 2 அங்குல ராட்செட், ஒவ்வொன்றும் 3,333 பவுண்டு வேலைச்சுமை உள்ளது. பிரேக் குழாயும் டை ராடும் ஸ்ட்ராப்புக்கு அடியில் மாட்டாமல் பாருங்கள். ஹேண்ட் பிரேக், கியர் பி. 25 மைல் தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். முதல் முறை கட்டாயம் தளர்ந்திருக்கும்.

ஜீப்பை எந்த இடத்தில் நிறுத்துகிறீர்களோ அதை வைத்துத்தான் கொக்கி எடை. பின்னால் தள்ளி நின்றால் டிரெய்லர் வாலாட்டும். ஆட ஆரம்பித்தால் டிரக் பிரேக்கை மிதிக்காதீர்கள்; ஆக்ஸிலரேட்டரை விட்டு, டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைநெம்புகோலை மட்டும் அழுத்துங்கள். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க டிரக் ஸ்டாப் எடைமேடையில் முதலில் டிரக்கை மட்டும் நிறுத்துங்கள், பிறகு டிரெய்லரை மாட்டி, வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் கம்பிகளை மாட்டாமல் நிறுத்துங்கள். டிரக்கின் இரு ஆக்ஸிலிலும் கூடிய எடைதான் கொக்கி எடை. அந்த இடத்தில் டிரெய்லர் தளத்தில் பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள்.

நாலாம்கியர்:
பிரேக் கெய்ன் (டிரெய்லர் பிரேக் எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்க வேண்டும் என்ற அளவு) வைப்பது: காலி மைதானத்தில் 25 மைல் வேகத்தில் கைநெம்புகோலை முழுதாக அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டும்வரை கெய்னை ஏற்றி, பிறகு ஒரு படி குறையுங்கள். ஜீப் ஏற்றியபடியே செய்ய வேண்டும். காலி டிரெய்லரில் வைத்த கெய்ன், லூன் லேக்கிலிருந்து வரும் ஐஸ் ஹவுஸ் ரோட்டில் இறங்கும்போது போதாது.

டிரெய்லருக்கான எஸ்டி டயர், அதிலும் கனச்சுமை தாங்கும் லோட் ரேஞ்ச் இ வகையென்றால் குளிர்ந்த நிலையில் காற்றழுத்தம் 80 பிஎஸ்ஐ. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருடமானால் மாற்றுங்கள். வீல் பேரிங்குக்கு வருடம் ஒருமுறை கிரீஸ். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம்.