புதுப்பிப்பு: துகள் கற்றையின் உந்தத்தை அளக்கும் இழை உணரிகள் குறித்து ஒரு திருத்தம்

உணரியின் இழைகளை மெல்லியதாக்கி, துகள் கடக்கும் இடத்தின் அளவீட்டை நுணுக்கமாக்கினாலே உந்த அளவீடு எப்போதும் துல்லியமாகும் என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். அது அவசரமான கூற்று என்பதைக் கணக்கிட்டபோது உணர்ந்தேன்.

ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் 2018-இல் புரோட்டோடியூன் என்ற நியூட்ரினோ உணரி முன்மாதிரியின் சோதனைக்குத் துகள்களை அனுப்பிய கற்றைத்தடத்தில், வளைக்கும் காந்தத்தின் இருபுறமும் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிண்டிலேட்டர் (துகள் கடந்தால் ஒளிரும் பொருள்) இழைகளாலான உணரிகள் நின்று, ஒவ்வொரு துகளும் எவ்வளவு வளைந்தது என்பதைப் பதிவு செய்தன. காந்தப்புலமும் அதன் நீளமும் தெரிந்திருப்பதால், வளைகோணத்திலிருந்து உந்தம் நேரடியாகக் கிடைக்கிறது. அத்தகைய இழையின் இடப்பிழை சுமார் 0.29 மில்லிமீட்டர், 3 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 0.1 மில்லிரேடியன் (ரேடியன் என்ற கோண அலகில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கோணப்பிழை மட்டுமே. ஆனால் 1 கிகா எலக்ட்ரான்வோல்ட் உந்தமுள்ள துகள், அந்த ஓர் இழையைக் கடக்கும்போதே தன் திசையிலிருந்து சுமார் 0.5 மில்லிரேடியன் விலகிச் சிதறிவிடுகிறது! அளக்கும் கருவியே அளவைக் கலைக்கிறது என்பதுதான் நான் கவனிக்கத் தவறியது.

உந்தம் கூடக்கூட இந்தச் சிதறல் குறைகிறது. 7 கிகா எலக்ட்ரான்வோல்ட்டில் இடப்பிழையே மேலோங்கும். ஆகவே தாழ்ந்த உந்தத்தில், இழையின் அகலத்தைவிடத் துகளின் பாதையில் உள்ள மொத்தப் பொருளைக் குறைப்பதற்கே முதலிடம் தர வேண்டும் என்று என் பரிந்துரையை மாற்றிக்கொள்கிறேன். இடையில் உள்ள காற்றையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும்.