புதுப்பிப்பு: குளிரில் மைலேஜ் குறைவது ஏன்?

குளிர் தொடங்கியதும் என் பெட்ரோல் காரின் மைலேஜ் இறங்கியதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) அடைப்பாக இருக்கலாம் என்று சிலர் சொன்னீர்கள். சோதித்தாயிற்று, அதில் குறையில்லை. குளிர்தான் காரணம்.

இந்த நஷ்டத்தில் பெரும்பங்கு முதல் சில கிலோமீட்டரில்தான் போகிறது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கிறது. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் சூடேறும் வரை, அது தரும் அளவைக் கொண்டு பெட்ரோல்-காற்றுக் கலவையைத் திருத்தவும் முடியாது. ஆயிலும் கெட்டியாகி உராய்வைக் கூட்டுகிறது. பக்கத்துத் தெருவுக்குப் போய் வருவதென்றால் இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம், மொத்தப் பயணமும் இந்த நஷ்டக் கணக்கில்தான். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, 25 டிகிரி செல்சியஸோடு ஒப்பிட்டால் மைனஸ் 7 டிகிரியில் நகர ஓட்டத்தின் மைலேஜ் சுமார் 15% குறையும். குறுகிய பயணங்களில் 24% வரைகூடப் போகலாம்.

அப்புறம் டயர். வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அழுத்தம் குறைகிறது, டயர் உருள்வதற்குக் கூடுதல் பெட்ரோல் செலவாகிறது. குளிர்காற்று அடர்த்தியானது என்பதால் நெடுஞ்சாலை வேகத்தில் எதிர்ப்பும் கூடும்.

ஹீட்டரைக் குறை சொன்னவர்களுக்கு: அது இன்ஜினின் வீண் வெப்பத்தைத்தான் எடுக்கிறது. கண்ணாடி சூடாக்கியும் சீட் சூடாக்கியும்தான் ஆல்டர்னேட்டருக்கு (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கிக்கு) சுமை.

நின்றபடியே வெகுநேரம் சூடாக்குவதை விட்டுவிட்டேன். அரை நிமிடம் ஓடவிட்டு, மெதுவாகக் கிளம்புகிறேன். இன்ஜினும் சீக்கிரம் சூடாகிறது.